மிச்சமான ஒரு பூ

நான்கு வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம். சூளகிரியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிரானைட் கம்பெனியில் நடந்தது இது. அன்றைக்கும் நான் அங்கேதான் வேலை பார்த்தேன், இன்றைக்கும் அங்கேதான் பார்க்கிறேன். மத்திகிரியில் வாடகை வீடு, காலையில் கம்பெனி வேன், சாயங்காலம் அதே வேன். பெரிய சம்பவம் எதுவும் நடக்கிற வாழ்க்கை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. எனக்கு வாய் நீளம். வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்ற நினைப்பு அதைவிட நீளம். இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு டி.டி.பி. கடையில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அடித்துத் தள்ளினேன். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்தான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பட்டியல் கொண்டுவருவார்கள், பெண் வீட்டார் ஒரு பட்டியல் கொண்டுவருவார்கள். சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் என்றால் ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார். அப்படியே அச்சடித்தால் ஊரே சிரிக்கும். இனிஷியலும் பெயரும் ஒன்றாக வந்தால் நானே ஒன்றைத் தூக்கிவிடுவேன். “இந்தம்மா கண்ணுல மண்ணத் தூவ முடியாது” என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெருமையை மூட்டை கட்டிக்கொண்டுதான் கிரானைட் கம்பெனிக்கு வந்தேன்.

எங்கள் கம்பெனி வெளிநாட்டுக் கல்லறைகளுக்குக் கல் செய்கிறது. இங்கே கிடைக்கும் கறுப்புக் கல்லுக்கு அங்கே நல்ல கிராக்கி. பெயர்களையும் தேதிகளையும் கம்ப்யூட்டரில் அழகாக அடுக்கி, ரப்பர் ஷீட்டில் எழுத்து வெட்டித் தருவது என் வேலை. அந்த ஷீட்டைக் கல்லின் மேல் ஒட்டி மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால், திறந்திருக்கும் இடத்தில் மட்டும் கல் குழிந்து எழுத்தாகிவிடும். காகிதத்தில் வந்த தப்பை மறுபடி அச்சடித்துச் சரிசெய்யலாம். கல்லில் விழுந்த தப்பை ஒன்றும் செய்ய முடியாது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். என்ன கொழுப்பு பாருங்கள்.

அந்த ஆடியில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கல்லறைக் கல் இல்லை, நினைவுக்கல். ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். கடல் கடந்த ஒரு குளிர் நாட்டிலிருந்து அங்குள்ள ஏஜென்ட் ஒருவர் மூலமாக வந்திருந்தது. எங்கள் முதலாளியே டிசைன் அறைக்கு வந்து விவரம் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலுக்குள் போனது, திரும்பி வரவில்லை. எங்கே மூழ்கியது என்றே இன்றுவரை தெரியாது. உள்ளே இருந்தவர்களில் ஒருவருடைய உடம்பும் கிடைக்கவில்லை, ஒருவருக்கும் கல்லறை இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு சங்கம் வைத்து, பல வருடமாகப் பணம் சேர்த்து, இப்போதுதான் ஒரு கல்லுக்கு வழி செய்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் கடலைப் பார்த்தபடி அதை நிறுத்தப் போகிறார்கள். சங்கத்தின் கடிதத்தில் ‘நாற்பத்து மூன்று பேர்’ என்று இருந்தது. கூடவே பெயர்ப் பட்டியல்.

பாலிஷ் பகுதியில் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம். பல தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம், இவர்தான் முதன்முதலில் கம்பெனி வேலைக்கு வந்தவர். நான் காடு தோட்டம் உள்ள வீட்டுப் பெண். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வயதுள்ள அந்த மனிதரை நான் ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவேன். அவர் என்னை ‘மேடம்’ என்பார். இரண்டு பேருக்குமே அது தப்பாகத் தெரிந்ததில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கல்லாக இருந்தாலும் மரப்பெட்டிக்குள் வைத்து மூடுவதற்கு முன் அதன் மேல் ஒரு பூவை வைத்து எடுப்பார். எங்கள் பக்கத்து ஊர்களில் செத்துப்போன வீரனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அந்தப் பழக்கம் அவருக்கு. செத்தவர் பெயர் எழுதிய கல் பூ இல்லாமல் கிளம்பக் கூடாது என்பார். வெள்ளைக்காரன் கல்லறைக்கு எதற்கு சாமந்தி என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நான்தான் அதிகமாகச் செய்வேன். ‘பூசாரி’ என்று பெயர் வைத்ததே நான்தான்.

அந்தப் பெரிய கல்லைப் பாலிஷ் போட ஆரம்பித்த அன்று என்னிடம் வந்து நின்றார்.

“இது யாருக்குங்க மேடம்? இவ்ளோ பெருசா இருக்குது.”

சொன்னேன். அவருக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. ஆனால் ஒன்று விடாமல் கேட்டார்.

“உள்ளார இருந்து கதவத் தொறக்க முடியாதுங்களா?”

“தொறந்தா தண்ணி வந்துடும் இல்ல?”

“அப்ப காத்து?”

“இருக்கற காத்து தீர்ற வரைக்கும் இருந்திருப்பாங்க. அப்புறம் முடிஞ்சிடும்.”

அதை நான் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். அவர் அந்தப் பெரிய கல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எத்தினி பேருங்க?” என்றார். கடிதம் மேஜைமேல் கிடந்தது. பார்த்து, நாற்பத்து மூன்று என்று சொன்னேன். “நாப்பத்திமூணு” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் பெயர்களை அடுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியிலும் ஆளின் வேலை, ஒரு எழுத்து இனிஷியல், பெயர். நாற்பத்து மூன்றை இரண்டு வரிசையாகப் பிரித்தால் இடது பக்கம் இருபத்திரண்டு, வலது பக்கம் இருபத்தொன்று. வலது பக்கம் அடியில் ஒரு வரி அளவுக்கு ஓட்டை. என் கண்ணுக்கு அது பொறுக்கவே இல்லை. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், இடைவெளியை நகர்த்திப் பார்த்தேன், மூன்று வரிசையாகக்கூடப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அப்போதுதான் கவனித்தேன். நடுவில் ஒரே பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. அதே இனிஷியல், அதே பெயர், இரண்டுக்கும் முன்னால் எஞ்சின் அறை ஆள் என்ற அதே குறிப்பு.

நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா பெயர். ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைப்பாரா? பதினொரு வருடம் பத்திரிகை அடித்த மூளை அப்படித்தான் ஓடியது. அந்த நாட்டில் இனிஷியல் என்பது அவரவர் சொந்தப் பெயரின் முதல் எழுத்து, பின்னால் வருவது குடும்பப் பெயர், அந்தக் குடும்பப் பெயர் அங்கே நம்மூர் முருகேசன் மாதிரி தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பட்டியல் அடித்த ஆள் தூங்கிவிட்டான் போல என்று சிரித்துக்கொண்டே ஒன்றை அழித்தேன். இருபத்தொன்று, இருபத்தொன்று. தராசு பிடித்த மாதிரி நின்றது.

சந்தேகம் என்றால் வாங்குகிறவரிடம் கேட்க வேண்டும், அதுதான் கம்பெனி விதி. ஒரு வரி மெயில் போட்டிருந்தால் போதும். எனக்குத்தான் சந்தேகமே வரவில்லையே! டிராயிங்கை ஏஜென்டுக்கு அனுப்பினேன். பெயரை எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் கல்லின் வடிவத்தைப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்று சம்மதம் அனுப்பினார். எழுத்து வெட்டியாகிவிட்டது.

பேக்கிங் அன்று காலையில் ஆடிக் காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. லாரி வாசலில் நின்றது. அன்றைக்கே சென்னைத் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். பாலிஷ்காரர் ஒரு கவர் நிறைய சாமந்தியோடு வந்தார். வழக்கமாக ஒரு கல்லுக்கு ஒரு பூ. அன்று ஆளுக்கொரு பூ. படுக்க வைத்திருந்த கல்லின் மேல், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பூவாக வைத்துக்கொண்டே வந்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் லேசாக அழுத்தி அழுத்தி வைத்தார். பெட்டி அடிக்கிற தச்சர்கள் சுத்தியலோடு நின்று சிரித்தார்கள். நான் கடைசிச் சரிபார்ப்புக்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் வைத்து முடித்து நிமிர்ந்தார். கையில் ஒரு பூ இருந்தது.

“மேடம், ஒரு பூ மிச்சமாவுது.”

“அதனால என்ன? உன் காதுல வச்சிக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நாப்பத்திமூணுன்னு சொன்னீங்களே. எண்ணித்தான் கொண்டாந்தன். ஒரு பேரு கம்மியா இருக்குதுங்க.”

“உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?”

“படிக்கத் தெரியாதுங்க. எண்ணத் தெரியும்.”

சுற்றி நின்ற பத்துப் பேருக்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில் எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. “வீட்ல ஒரு பூ கூடப் போட்டுக் கட்டியிருப்பாங்க. பூவ எண்ணிக்கினு நிக்கறதுக்கா உனக்கு இங்க சம்பளம்? எனக்கு வேல கத்துக்குடுக்க வந்துட்டியா? பொட்டிய மூடு!” என்று கத்தினேன். இதைவிட மோசமாகவும் ஒன்று சொன்னேன், அதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் நாற்பத்து மூன்று என்று சொன்ன அந்த நொடியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடிதத்திலும் நாற்பத்து மூன்று பேர் என்றுதானே இருந்தது? பட்டியலில் ஒரு பெயர் தவறாக இரண்டு முறை அடித்திருந்தால் ஆட்கள் நாற்பத்து இரண்டு என்றல்லவா கடிதத்தில் இருக்க வேண்டும்? பெட்டி திறந்தே இருந்தது. இரண்டு நிமிடம் போய் ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால், நான் தப்பு என்பதை இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலை எண்ணித்தான் கடிதத்தில் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூக்களை எடுத்துவிட்டு ஆணி அடித்தார்கள். அவர் அந்த ஒரு பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திகையில் மெயில் வந்தது. கல்லை நிறுத்தி விழாவும் நடந்துவிட்டது. நாற்பத்து மூன்று குடும்பங்களிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு வயதான பெண்மணி தன் அப்பாவின் பெயரைத் தேடியிருக்கிறார், இல்லை. இரண்டு பேருக்கு ஒரே பெயர், கல்லில் ஒருமுறைதான் இருக்கிறது, இது எப்படி நடந்தது என்று ஏஜென்ட் கேட்டிருந்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். பேக்கிங்கில் இருந்தவர்கள் என்று பாலிஷ்காரரையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். “என்னம்மா, பேரு எப்படி விட்டுப்போச்சு?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வீடு ஞாபகம் வந்தது. என் கணவர் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனி அந்த வருடம்தான் மூடியிருந்தது. மகள் பிளஸ் டூ. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் என்னுடையது. “நமக்கு வந்த லிஸ்ட்டப் பாத்துத்தான் சார் போட்டேன். டிராயிங்க அவங்க பாத்து ஓகே பண்ணியிருக்காங்க” என்றேன். இரண்டாவது வாக்கியம் உண்மை. முதல் வாக்கியத்தில் பாதி உண்மை.

“பேக்கிங்ல யாரும் கவனிக்கலையா?” என்று முதலாளி பாலிஷ்காரரைப் பார்த்தார். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, “எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே” என்றார். அவரை மட்டம் தட்ட நான் கேட்டதையே அவர் எனக்காகச் சொன்னார்.

டிராயிங்குக்குச் சம்மதம் தந்தது நீங்கள், கம்பெனி மேல் தவறு இல்லை, வேண்டுமானால் புது ஆர்டர் கொடுங்கள் என்று பதில் போனது. அவர்களும் விடவில்லை. நீங்கள் எங்கள் பட்டியலைப் பாருங்கள், நீங்கள் உங்கள் சம்மதக் கடிதத்தைப் பாருங்கள் என்று மாறி மாறி மெயில். அவற்றையெல்லாம் அடித்து அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். அந்தப் பட்டியலும் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, முதலாளி என் வார்த்தையை நம்பினார். மார்கழி போனது, தை போனது. சங்கத்தார் எல்லாம் வயதானவர்கள், மறுபடியும் ஒரு கல்லுக்கு அவர்களால் எளிதில் முடியாது என்று ஏஜென்ட் எழுதினார். அதற்கும் மரியாதையான ஒரு பதிலை அடித்து அனுப்பினேன். சாப்பிட்டேன், தூங்கினேன், பொங்கலுக்குப் புடவைகூட எடுத்தேன்.

மாசியில் ஒரு கடிதம் வந்தது. ஏஜென்ட் எழுதியது இல்லை. அந்தப் பெண்மணியே கையால் எழுதியதை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். கல் செய்கிறவர்களுக்கு என்று ஆரம்பித்திருந்தார். எழுத்துகள் பெரிது பெரிதாக, வரியை விட்டு விலகி இருந்தன.

நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை என்று இருந்தது. அப்பா கடலுக்குப் போனபோது இந்தப் பெண்மணி தன் அம்மாவின் வயிற்றில் நான்கு மாதம். அப்பாவை அவர் பார்த்ததில்லை, அப்பாவுக்கு மகள் பிறந்தது தெரியாது. அம்மா கடைசிவரை, கதவு தட்டினால் முதலில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டுதான் திறக்கப் போவாராம். உடம்பு கிடைக்காத சாவில் அழுது முடிக்கவும் முடியாது, காத்திருந்து முடிக்கவும் முடியாது என்று எழுதியிருந்தார். விழா அன்று ஒவ்வொருவரும் தங்கள் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூவை ஒட்டி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவருக்குக் கண் மங்கல் என்பதால் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பெயர் வந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பூ இருந்தது, அது அதே பெயருள்ள இன்னொருவருடைய குடும்பம் வைத்தது. அவர்கள் நல்லவர்கள், இங்கேயே நீங்களும் வையுங்கள் என்று இடம் விட்டிருக்கிறார்கள். இவருக்கு மனம் வரவில்லை. தன் கண்தான் தவறவிட்டது என்று மறுபடியும் மேலிருந்து தடவியிருக்கிறார். பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். வெட்கமாகப் போய் நகர்ந்துவிட்டேன், பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

கடைசியில் ஒரு வரி. எனக்கு எண்பது கடந்துவிட்டது, உடம்பும் சரியில்லை, முடிந்தால் கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள்.

படித்துவிட்டு எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நேராக முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரிசையும் சமமாக வர வேண்டும் என்று பெயரை எடுத்தது, பெட்டி மூடுவதற்கு முன்பே ஒருவர் எண்ணிச் சொன்னது, அவரை நான் பேசிய பேச்சு, எல்லாமே. வேலை போகட்டும் என்றுதான் சொன்னேன். முதலாளி கத்தவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மொத நாளே சொல்லியிருந்தா மொத வாரமே கல்லு வெட்ட ஆரம்பிச்சிருப்பனேம்மா. தப்பு நம்மளுதுன்னா நாம செஞ்சு குடுக்கறதுதானே மொற. மூணு மாசம் அந்தம்மாகிட்ட வாதம் பண்ணிக்கினு இருந்துட்டமே.”

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வேலை போகும் என்று பயந்துதானே வாயை மூடிக்கொண்டிருந்தேன். போகவே போகாத வேலைக்காக.

அங்கிருந்து பாலிஷ் பகுதிக்குப் போனேன். எல்லோரும் பார்க்க அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதன்முறையாக ‘நீங்க’ என்று பேசினேன், நாக்கு தடுமாறியது. அன்றைக்கு முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மெஷினை அணைத்துவிட்டுச் சொன்னார். அவருடைய அண்ணன் ஒரு கம்பெனியில் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கி, காற்று இல்லாமல் உள்ளேயே இறந்துபோனவராம். அன்றைய ஆள் பதிவேட்டில் அண்ணன் பெயரை எழுதியிருக்கவில்லை. பெயர் இல்லை, ஆகவே அவர் எங்கள் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

“பேரு எழுதலன்னா செத்தவன் பொறக்கவே இல்லன்னு ஆயிடுதுங்க மேடம். அதான் அன்னிக்கி அவ்ளோ தூரம் கேட்டன். சார்கிட்ட நான் சொல்லியிருந்தா உங்க வேல போயிருக்கும். எங்க அண்ணன் போன அப்பால அந்த ஊடு என்னா பாடு பட்டுதுன்னு பாத்தவன் நான்.” மறுபடி சுவிட்ச்சில் கை வைத்தபடி, “ரெண்டு நாள்ல நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சன்” என்றார்.

அப்போதே போய் அந்தப் பட்டியலை மறுபடி எடுத்தேன்.

புதுக் கல் ஒன்பது நாளில் தயாரானது. பாலிஷ்காரர் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தார். இந்த முறை பட்டியலை நான் ஒரு பக்கம் வாசிக்க, அவர் ஒரு பக்கம் கோடு போட்டு எண்ணினார். இடது பக்கம் இருபத்திரண்டு, வலது பக்கம் இருபத்தொன்று. அந்தப் பெயர் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு முறை. பெட்டி மூடும் முன் நாற்பத்து மூன்று சாமந்தி வைத்தோம். கடைசிப் பூவை என்னிடம் கொடுத்தார், நானே வைத்தேன். கையில் ஒன்றும் மிச்சமில்லை. புதுக் கல் கிளம்பிவிட்டது என்று அந்தப் பெண்மணிக்குத் தனியாக ஒரு மெயில் அடித்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டு, ஏஜென்டுக்கு அனுப்பினேன். கப்பல் போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆகும். தினமும் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கப்பல் எங்கே போகிறது என்று பார்ப்பேன். சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்குக் குறைவு. அந்த ஒன்றரை மாதமும் மத்திகிரியில் வேன் ஏறும் இடத்தில் இருக்கும் பிள்ளையாரை ஒரு நாள் விடாமல் கும்பிட்டேன். அந்தம்மாவை அதுவரை வைத்திரு என்பது மட்டும்தான் வேண்டுதல்.

சித்திரையில் பதில் வந்தது. ஒரு புகைப்படம், நான்கு வரி. புதுக் கல்லை நிறுத்திவிட்டோம், மிகவும் அழகாக இருக்கிறது, நன்றி. அந்த அம்மையார் பங்குனியிலேயே காலமாகிவிட்டார், கல் அப்போது கடலில் வந்துகொண்டிருந்தது. உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட முடியவில்லை, அது வருவதற்கு முன்பே அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கல், பின்னால் சாம்பல் நிறத்தில் கடல். பெயர்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் மறுபடி வந்து ஒட்டிய பூக்கள். அந்த இரண்டு பெயர்களில் மேலே இருப்பதற்கு ஒரு பூ இருந்தது. கீழே இருப்பதற்கு இல்லை.

பாலிஷ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விஷயத்தையும் சொன்னேன். அவர் திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டே போனார். எண்ணி முடித்து, “சரியா இருக்குதுங்க” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய் மெஷினைப் போட்டார்.

இதைப் படித்துவிட்டு, தப்பை ஒப்புக்கொண்டீர்களே, அதுவே பெரிய விஷயம் என்று யாராவது ஆறுதல் சொல்ல வேண்டாம். என் கணவர் சொல்லிப் பார்த்துவிட்டார். அந்தக் கப்பலுக்குள் அடைபட்டவர்களைக் காப்பாற்ற யாராலும் முடிந்திருக்காது, அது போர். அவர்களில் ஒருவரை, அதன்பின் இத்தனை வருடம் கழித்து, இங்கே சூளகிரியில் ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து நான் மறுபடியும் மூழ்கடித்தேன். இப்போதும் பெயர்களை அடுக்குகிறேன், இப்போது எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்கிறேன், வரிசை கோணலாக வந்தால் கோணலாகவே விடுகிறேன். ஆனால் எந்தக் கல்லுக்கு அந்த மனிதர் பூ வைத்தாலும், எண்பது வயதில் விரலால் ஒரு கல்லை மேலிருந்து கீழாக இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, கையில் பூவோடு வீட்டுக்குத் திரும்பிப்போன ஒரு மகளைத்தான் நான் பார்க்கிறேன்.